கருணைக்கடலின் கை

அவருக்குக் கருணைக்கடல் என்று பெயர் வைத்தவர்கள் குடிநீர் அலுவலகத்தில் அவருடன் வேலை பார்த்தவர்கள். வைத்தது கிண்டலுக்கு. அது கிண்டல் என்று அந்த அலுவலகத்திலேயே தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

ஒரு வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்து நின்றால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், “ஐயோ பாவம்” என்பார். குழாயில் வராத ஈரம் அத்தனையும் அந்த இரண்டு சொல்லில் இருக்கும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அடுத்த வாரம் வாங்க” என்பார். வந்தவருக்குத் தண்ணீர் கிடைக்காது. ஆறுதல் கிடைத்துவிட்டதால் சண்டை போடவும் வாய் வராது. இப்படியே காலத்தை ஓட்டி, கண்காணிப்பாளர் நாற்காலி வரை ஏறி, எந்தக் கையெழுத்துக்கும் பொறுப்பேற்காமல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் பேசியவர் “நமது கருணைக்கடல்” என்றதும் பின்வரிசை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. பிரிகிற துயரத்தை மறைக்கத்தான் பாவம் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர் கைகூப்பினார்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கருணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வீட்டுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. மனைவி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. மாலையில் முன்னறையில் பாடம் எடுப்பார். கருணைக்கடல் அதே அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குனிந்து எழுதும் பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். “இந்த வயசுல இத்தனை கணக்கா, ஐயோ பாவம்” என்பார். அதுவரை நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், தன் நிலைமை அவ்வளவு மோசமா என்று நினைத்து, பேனாவை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அன்று பிள்ளைகள் போனதும் மனைவி சொன்னார்: “என்னங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமா போகும். சாயந்தரமானா எங்கயாவது கிளம்பிப் போயிடுங்க.”

“எங்க போறது?”

“எங்க வேணா போங்க. பாவப்படறதுக்கு ஊர்ல ஆளா இல்ல?”

எரிச்சலில் சொன்ன வார்த்தை. அவரோ அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். உடல் ஊனமுற்றவர்களுக்குக் குதிரைச் சவாரியால் உடற்பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றுக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. படித்துவிட்டு அவர் அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவப்படுவதற்கென்றே தனியாக ஓர் இடம் கட்டி, ஆள் வேறு தேடுகிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மையம் ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, அதன் கீழே மரத் தடுப்பு வைத்த பெரிய மணல் வளையம், ஓர் ஓரத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு வைத்த மேடை. சவாரி செய்பவர் அந்த மேடையில் ஏறி, அங்கிருந்து குதிரை மேல் மாறி உட்காருவார். வளையத்தின் கோடியில் ஒரு இரும்புக் கதவு. அதற்கு அப்பால் மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் ஒரு மண் பாதை.

வேலை இதுதான்: லாயக்காரர் குதிரையின் கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பார். சவாரி செய்பவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் கூடவே நடக்க வேண்டும். குதிரையை ஒட்டிய கையைச் சவாரி செய்பவரின் தொடைக்குக் குறுக்கே வைத்து, சேணத்தின் முன்விளிம்பை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் சரிந்தால் தாங்கத்தான் அந்தக் கை. மற்ற நேரத்தில் அது சும்மா இருக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் அம்மாளை எல்லோரும் கோச் என்பார்கள். ஒரு காலத்தில் பந்தயக் குதிரை ஓட்டி, விழுந்து, தோள்பட்டை எலும்பை இரண்டு முறை உடைத்துக்கொண்டவர். முதல் நாளே அவர் கருணைக்கடலிடம் சொன்னார்: “சார், தூங்கற குழந்தைக்குப் போர்வை போடற மாதிரி கை இருக்கணும். போர்வை இருக்கும், பாரம் இருக்கக் கூடாது.”

“அன்பா பிடிக்கணும்ங்கறீங்க.”

“இல்ல சார். லேசா பிடிக்கணும்ங்கறேன்.”

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று கருணைக்கடலுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவருக்கு இடது பக்கம் கொடுத்தார்கள். வலது பக்கம் ஒரு தபால்காரம்மா. விடுமுறை நாளில் வருவார். சேவை செய்கிற பாவனை அவரிடம் மருந்துக்கும் கிடையாது. “வாரம் பூரா நாய்ங்க துரத்துது. துரத்தாத மிருகத்தோட ஒரு நாள் இருக்கலாம்னுதான் வரேன்” என்பார். குதிரைக்கு மேனேஜர் என்று பெயர். யாராவது சொன்னாலொழிய நகராது என்பதால் வைத்த பெயர். குடிநீர் அலுவலகத்தில் மேனேஜர் பதவிக்கு ஏங்கி ஏங்கியே ஓய்வு பெற்றவர், அதை மட்டும் ‘குதிரை’ என்றே கூப்பிடுவார்.

மேனேஜர் மேல் சவாரி செய்தவள் ஒரு டைப்பிஸ்ட். பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களும் விறைத்தவை. கையும் வாயும் கூர்மை. வக்கீல் ஒருவரிடம் பத்திரங்கள் அடிக்கும் வேலை. அந்த வக்கீல் தன் தவறுகளை நீதிபதி கண்டுபிடிப்பதற்கு முன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயப்படுவார் என்பார்கள். வாரம் ஒரு முறை அம்மா வாடகை வண்டியில் கூட்டிக்கொண்டு வருவார்.

கருணைக்கடல் முதல் நாள் அவளைப் பார்த்ததும் தலையைச் சாய்த்தார். “பாப்பாவுக்குப் பயமா இருக்கா?”

“எனக்கு முப்பத்து நாலு வயசு சார்.”

“வயசு இருக்கட்டும். மனசு குழந்தை.”

கருணைக்கடல் குதிரைக்கு மேலாக எட்டி, அந்தப் பக்கம் இருந்த தபால்காரம்மாவிடம் கேட்டார்: “சாப்பாடெல்லாம் தானா சாப்பிடுமா இது?”

“என்னைக் கேக்கறீங்க? வாய் அங்கதான இருக்கு, அதுக்கிட்டயே கேளுங்கண்ணே.”

“தானா சாப்பிடுவேன் சார்” என்றாள் டைப்பிஸ்ட். “கடிக்கவும் கடிப்பேன்.”

அவர் கனிவாகச் சிரித்தார். இப்படிப்பட்டவர்களுக்குக் கோபம் அதிகம் வரும், நாம்தான் பொறுத்துப் போக வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார். யாரையும் பொறுத்துப் போகும் அவசியமே வாழ்நாளில் ஏற்படாத மனிதருக்கு அந்தக் குறிப்பு மிகவும் இனித்தது.

டைப்பிஸ்டுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் அதை வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் யாரும் பிடிக்காமல் வளையத்தை இரண்டு திசையிலும் சுற்றி வருபவர்களுக்கு ஒரு டெஸ்ட் உண்டு. அதில் தேறினால் இரும்புக் கதவைத் திறந்து வெளிப் பாதையில் விடுவார்கள். அங்கே குதிரைக்கு முன்னால் வேறொரு குதிரையில் கோச் போவார், அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் நடக்கமாட்டார்கள்.

“பொறந்ததுலேருந்து என் மேல யாரோட கையாவது இருந்துக்கிட்டே இருக்கு” என்று அவள் கோச்சிடம் சொன்னாள். “எங்கம்மா கை, டாக்டர் கை, பஸ்ல ஏத்திவிடறவன் கை, ரோட்ல போறவன் கை. கேக்காமயே வந்து பிடிப்பாங்க. ஒரு தடவை, எந்தக் கையும் இல்லாம கொஞ்ச தூரம் போகணும். வேற ஒண்ணும் வேணாம்.”

கோச்சுக்கு அது புரிந்தது. ஆனால் டெஸ்டுக்கு அனுப்ப முடியவில்லை. காரணம், டைப்பிஸ்ட் இடது பக்கம் சாய்ந்தாள். ஏறி உட்காரும்போது நிமிர்ந்துதான் இருப்பாள். ஒரு சுற்று முடிவதற்குள் இடது தோள் இறங்கும், சேணமும் மெதுவாக இடது பக்கம் திரும்பிவிடும். சரிவான வெளிப் பாதையில் அப்படிச் சேணம் திரும்பினால் ஆள் குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய்விடும். “முதல்ல சாய்வு போகட்டும்” என்றார் கோச். வலது கையை நீட்டிப் பிடிக்கிற பயிற்சி, வலது பக்கம் திரும்பிப் பந்து வாங்குகிற பயிற்சி என்று எத்தனையோ கொடுத்தார். மாதங்கள் போயின. சாய்வு போகவில்லை.

அது போகாததற்குக் காரணம் கருணைக்கடலின் கை.

அதில் வஞ்சகம் ஏதும் கிடையாது. வஞ்சகம் செய்யக்கூட ஓர் உழைப்பு வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. வேலைக் காலம் முழுவதும் நாற்காலியிலிருந்து காபி குடிக்கும் இடம் வரைதான் நடை. மணலோ கணுக்கால் வரை புதையும். அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கும். அப்போது தொடையின் குறுக்கே போர்வையாகக் கிடக்க வேண்டிய கை கைத்தடியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் பாரத்தை அதில் இறக்குவார். பிறகு சேணத்தின் விளிம்பில் தொங்கியபடியே மீதிச் சுற்றுகளை முடிப்பார். பார்ப்பவர்களுக்கு, அக்கறையோடு நெருங்கி நடக்கிற பெரியவர். கை சரியான இடத்தில்தான் இருந்தது. பாரம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, தாங்குகிறவளைத் தவிர.

ஆக, கால் நடக்காத அந்தப் பெண் வாராவாரம் குதிரை மேல் உட்கார்ந்து, நடக்க முடிந்த ஒரு மனிதரைத் தன் இடது தொடையில் சுமந்து வளையத்தைச் சுற்றிக் காட்டினாள். அதற்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சேவை என்று பெயர் சொன்னார்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. “மேடம், நான் சாயல. அவர் என் மேல சாயறார்” என்று கோச்சிடம் சொன்னாள்.

தடுப்புக்கு வெளியே நின்றிருந்த அம்மா பதறிப்போனார். “வாயை மூடுடி. பெரியவரைப் போய் இப்படியா சொல்லுவ? வேலை வெட்டிய விட்டுட்டு உனக்காக வர்றாரு.”

“எந்த வேலையம்மா? எந்த வெட்டி?”

கோச் கருணைக்கடலைத் தனியே அழைத்து மெல்லக் கேட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். கண்ணாடியைக் கழற்றினார். “அவங்களுக்கு அப்படித்தான் மேடம் தோணும். கால்ல உணர்ச்சி கம்மி பாருங்க. எது நம்ம பாரம், எது அடுத்தவங்க பாரம்னு தெரியாது. நான் தப்பா எடுத்துக்கல, பாவம்.”

கோச் அதை நம்பினார். பாதிதான் நம்பினார், ஆனால் பாதியே போதுமானதாக இருந்தது. டைப்பிஸ்டின் காலில் உணர்ச்சி குறைவே கிடையாது, விறைப்பு மட்டும்தான் என்பது கோச்சுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், சக்கர நாற்காலியில் இருப்பவள் சொல்வதற்கும் இஸ்திரி போட்ட சட்டைக்காரர் சொல்வதற்கும் நடுவில், கோச்சின் மனம் ஒரு நிமிடம் இஸ்திரிச் சட்டையின் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

டைப்பிஸ்ட் மோதிப் பயனில்லை என்று புரிந்துகொண்டாள். வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்குச் சாட்சியை எப்படி வரவழைப்பது என்று தெரியாதா? அடுத்த வாரம் மேடையில் ஏறும்போதே குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“கேளும்மா, கேளு.”

“வலது பக்கம்தான் கஷ்டமான பக்கம்னு பேசிக்கறாங்க. அனுபவம் இருக்கறவங்கதான் தாங்குவாங்களாம். இவங்க சின்னவங்க, தடுமாறறாங்க. நீங்க அந்தப் பக்கம் வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

தடுமாறுவதாகச் சொல்லப்பட்ட தபால்காரம்மா, பை நிறையக் கடிதத்தோடு மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர். அவர் வாயைத் திறந்தார். டைப்பிஸ்ட் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். “ஆமாண்ணே, என்னால முடியல” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகலும் சேர்த்தார்.

கருணைக்கடலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு பதவி உயர்வு! சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குதிரையைச் சுற்றி வலது பக்கம் வந்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார்.

மேனேஜர் நடந்தது. கோச் வளையத்தின் நடுவில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் நிமிர்ந்து போனாள். அரைச் சுற்று வரை எந்த மாற்றமும் இல்லை. பிறகு கருணைக்கடலின் மூச்சு புஸ்ஸென்று கேட்க ஆரம்பித்தது. டைப்பிஸ்டின் வலது தோள் இறங்கியது. சேணம் வலது பக்கம் திரும்பத் தொடங்கியது. சுற்று முடிந்து மேடைப் பக்கம் வந்தபோது, இத்தனை மாதமாக இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்த பெண், அச்சு அசலாக அதே அளவு வலது பக்கம் சாய்ந்திருந்தாள்.

“நிறுத்துங்க” என்றார் கோச்.

மேனேஜர் நின்றது. டைப்பிஸ்ட் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெற்றிச் சிரிப்பு எதுவும் இல்லை. நிரூபித்துத்தான் நம்ப வைக்க வேண்டியிருந்தது என்ற கசப்பு மட்டும் வாயோரத்தில் இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் கருணைக்கடல். அவர் அவளுடைய தோளைப் பார்த்தார், சேணத்தைப் பார்த்தார், கண்ணில் உண்மையாகவே நீர் தளும்பியது.

“பாத்தீங்களா மேடம், வலது பக்கமும் ஆரம்பிச்சிடுச்சு. வியாதி முத்திடுச்சு. ஐயோ பாவம்.”

தபால்காரம்மா குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரித்து முடித்து மூச்சு வந்த பிறகு சொன்னார்: “அண்ணே, அந்த வியாதி இப்பதான் குதிரையைச் சுத்தி நடந்து வந்துச்சு. நான் பாத்தேன். கண்ணாடி கூடப் போட்டிருந்துச்சு.”

கோச் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்திருந்தது. “சார், கையை எடுங்க” என்றார்.

“எடுத்தா விழுந்துடுமே!”

“எடுங்க.”

எடுத்தார். டைப்பிஸ்ட் நிமிர்ந்தாள். அழுத்தி வைத்திருந்த கிளை கையை விட்டதும் எழுவது போல, தானாக, எந்தச் சிரமமும் இல்லாமல் நிமிர்ந்தாள். கருணைக்கடல்தான் தள்ளாடினார். பிடிக்க எதுவும் இல்லாமல் மணலில் நான்கு அடி வைத்துத் தடுப்பைப் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அதிகம் என்றார். கூரைக்குக் கீழே நின்று சொன்னார்.

அன்று கோச் டைப்பிஸ்டிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் “பரவாயில்ல” என்று சொல்லவில்லை. “டெஸ்ட் எப்போ?” என்றாள்.

“அடுத்த வாரமே வச்சுக்கலாம். விதிப்படி ரெண்டு பக்கமும் ஆள் நடக்கணும், ஒரு கை தூரம் தள்ளி. நீங்க உண்மையா விழப்போனா மட்டும் பிடிப்பாங்க. யார் கையாவது பட்டா டெஸ்ட் அதோட முடிஞ்சுது, மறுபடி சேர்றதுக்கு அடுத்த வருஷம் ஆயிடும். இடது பக்கத்துக்கு நான் வேற ஆள் போடறேன்.”

“வேணாம் மேடம். அவரே வரட்டும்.”

கோச் அவளை உற்றுப் பார்த்தார். “எதுக்கு வம்பு? அந்தக் கை சும்மா இருக்காது.”

“இத்தனை மாசம் அந்த ஆளைச் சுமந்திருக்கேன். இறக்கி வச்சுட்டுப் போறதை அவர் பக்கத்துல இருந்து பாக்கணும்.”

பக்கத்தில் இருந்த அம்மா, “உனக்கு இவ்வளவு திமிர் ஆகாதுடி” என்றார். டைப்பிஸ்ட், “இதையும் எடுத்துட்டா என்கிட்ட வேற என்னம்மா இருக்கு?” என்று கேட்டாள். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருணைக்கடலுக்கு இந்த ஏற்பாடு தெரிந்தபோது, அதை அவர் தனக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டார். வீட்டில் மனைவியிடம் சொன்னார்: “கடைசி நேரத்துல நான்தான் வேணும்னு அடம் பிடிக்குது. நான் இல்லாம அதுக்குத் தைரியம் வராது.”

மனைவி சிவப்பு மையால் பிள்ளைகளின் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே, “அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு அவ வாயால கேட்டீங்களா?” என்றார்.

“கேக்கணுமா என்ன? கண்ணுலயே தெரியுதே.”

மனைவி இன்னொரு கோடு போட்டார்.

டெஸ்ட் அன்று தடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கோச் நடுவில் நின்று, சுற்று முடியும் வரை யாரும் வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உரக்கச் சொன்னார். லாயக்காரர் கயிற்றைக் கழற்றிவிட்டு வெளியேறினார். கடிவாளம் இப்போது டைப்பிஸ்டின் கையில் மட்டும் இருந்தது. வலது பக்கம் ஒரு கை தள்ளித் தபால்காரம்மா, இடது பக்கம் ஒரு கை தள்ளிக் கருணைக்கடல்.

“சார், கையைப் பின்னாடி கட்டிக்குங்க” என்றார் கோச். கட்டிக்கொண்டார்.

“நட” என்றாள் டைப்பிஸ்ட். காலால் குதிரையைத் தட்ட அவளால் முடியாது. குரலும், முதுகை நிமிர்த்தி உட்காருகிற விதமும்தான் கருவி. மேனேஜர் காதைத் திருப்பிக் கேட்டது, நடந்தது.

முதல் திசைச் சுற்றுகள் முடிந்தன. தோள்கள் ஒரே மட்டத்தில் இருந்தன. சேணம் இம்மியும் திரும்பவில்லை. கருணைக்கடலுக்கு மட்டும் உலகம் சாயத் தொடங்கியிருந்தது. கைத்தடி இல்லாத நடை. முழங்காலுக்குள் யாரோ ஆணியைத் திருகினார்கள். ஆனால் அவரை அதிகம் வருத்தியது வலி அல்ல. அவள் சாயவில்லை என்பது. ஒவ்வொரு அடிக்கும் அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார், சாயட்டும் என்று நினைக்கவில்லை; அப்படி நினைக்கிற நேர்மை அவரிடம் இல்லை. ‘இப்போ சாஞ்சுடும், இப்போ சாஞ்சுடும், நான் இருக்கேன்’ என்று நினைத்தார்.

திசை திரும்பி இரண்டாம் சுற்றில், மூலைத் திருப்பத்தில், மேனேஜர் ஈயை விரட்டக் கழுத்தைச் சிலுப்பியது. டைப்பிஸ்டின் உடல் ஆடியது. குதிரை மேல் இருக்கும் எந்த உடலும் ஆடும் அளவுக்குத்தான் ஆடியது. கருணைக்கடலின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டுவிட்டது.

“தொடாதீங்க!” அவள் திரும்பாமலே சொன்னாள்.

கை நிற்கவில்லை. அது அவளை நோக்கி நீண்டது. விரல்கள் அகல விரிந்திருந்தன. தடுப்புக்கு வெளியே அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தபால்காரம்மாவால் குதிரையைத் தாண்டி வர முடியாது. அந்தக் கை எட்டியிருந்தால் அவளுடைய ஒரு வருடம் போயிருக்கும். எட்டவில்லை. எட்டாததற்கு எந்த நல்ல காரணமும் இல்லை. எட்டிப் பிடிக்கப் பாய்ந்த வேகத்தில் முழங்கால் மடிந்து, அவர் தொப்பென்று மணலில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு மேனேஜர் நின்றது. பக்கத்தில் யாராவது விழுந்தால் நிற்க வேண்டும் என்றுதான் அதைப் பழக்கியிருந்தார்கள். இப்போது அதை மறுபடி நகர்த்துவது டைப்பிஸ்டின் பாடு. இழுக்கக் கயிறு இல்லை, தட்டக் கால் இல்லை. “நட” என்றாள். நகரவில்லை. அது தலையைத் திருப்பி, மணலில் உட்கார்ந்திருந்த மனிதரை முகர்ந்து பார்க்க விரும்பியது. அவள் கடிவாளத்தால் தலையை மெல்ல நேராக்கினாள், மூச்சை இழுத்து முதுகை உயர்த்தினாள், குரலைக் கூட்டாமல் இன்னொரு முறை சொன்னாள். “அங்க பாக்காத. நட.”

நடந்தது.

கருணைக்கடல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சுற்று முடியும் வரை யாரும் உள்ளே வரக் கூடாது. எழ முயன்றார். ஊன்றிய கை மணலில் மணிக்கட்டு வரை புதைந்தது. அந்தப் புதைவைப் பார்த்த ஒரு கணம், தன் பாரம் எவ்வளவு, அது இத்தனை நாள் எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரிந்தது. அந்த ஒரு கணத்தை அவர் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தால், இந்த வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேறு ஏதாவது இருந்திருக்கும். வைத்துக்கொள்ளவில்லை. குடிநீர் அலுவலகத்தில் தொல்லையான கோப்பு வந்தால் அடியில் போடுகிற கை அது. இதையும் அடியில் போட்டது.

டைப்பிஸ்ட் அவரைத் தாண்டி இன்னொரு முறை போனாள். கீழே பார்க்கவில்லை. சுற்று முடிந்தது. “தேறிட்டீங்க” என்றார் கோச். யாரோ கைதட்டினார்கள். அம்மா ஓடி வந்து, வழக்கம்போல மகளின் முழங்காலைப் பிடிக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, என்ன செய்வதென்று தெரியாமல் குதிரையின் கழுத்தைத் தடவினார். அதன் பிறகுதான் தபால்காரம்மாவுக்கு ஞாபகம் வந்து, கருணைக்கடலை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். “கனமா இருக்கீங்கண்ணே. இதையா அந்தப் பொண்ணு தூக்கிட்டுத் திரிஞ்சுது?”

“நான் வேணும்னுதான் உக்காந்தேன்” என்றார் கருணைக்கடல், மணலைத் தட்டிக்கொண்டே. “என் கை பட்டா அதுக்கு டெஸ்ட் போயிடுமே. அதான் என்னையே கீழ போட்டுக்கிட்டேன்.”

தபால்காரம்மா அவரைத் தூக்கிய கையை உடனே எடுத்துவிட்டார்.

அன்றிரவு வீட்டிலும் அப்படியே சொன்னார். மறுநாள் பழைய அலுவலக நண்பர்களிடம் சொன்னபோது விழுந்தது பள்ளத்தில் என்றும், குதிரை மிரண்டு ஓட இருந்தது என்றும் கதை வளர்ந்திருந்தது. மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “அப்படின்னா அந்தப் பொண்ணு உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பாளே?” அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

மையத்தில் அவரை வளையத்துக்குள் விடுவதில்லை என்று கோச் முடிவு செய்தார். வர வேண்டாம் என்று சொன்னாலும் மறுவாரம் வந்து நிற்பார் என்று தெரியும். ஆகவே கோடியில் இருந்த இரும்புக் கதவைத் திறந்து மூடும் வேலையைக் கொடுத்தார். உட்கார ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். “வெளிய போறவங்க பாதுகாப்பே உங்க கையிலதான் சார்” என்று அலுங்காமல் ஒரு பொய்யும் சொன்னார். கருணைக்கடல் அதை உயர்ந்த பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்.

அந்த வாரம் டைப்பிஸ்ட் முதல் முறையாக வெளிப் பாதைக்குக் கிளம்பினாள். முன்னால் வெள்ளைக் குதிரையில் கோச் கதவைத் தாண்டிப் போனார். பின்னால் மேனேஜர் வந்தது. கருணைக்கடல் கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியில் தானே நின்றுகொண்டிருந்தார். “பாத்து, பாத்து, பள்ளம் இருக்கும்” என்றார். குதிரை கிட்டே வந்ததும் வலது கை தானாக எழுந்து அவளுடைய தொடையை நோக்கிப் போனது.

அவள் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினாள். அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். வழியில் கிடக்கும் பெட்டியைப் பார்க்கிற பார்வை.

“சார், கொஞ்சம் ஒதுங்குங்க. குதிரை போகணும்.”

அவர் ஒதுங்கினார். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு சரிவில் இறங்கியது. மரத்தின் கிளை ஒன்று அவளுடைய ஹெல்மெட்டை உரசியது. தட்டிவிட யாரும் இல்லாததால் அவளே குனிந்து போனாள்.